ஆற்றின் மேல் ஓடியவன்

என் கையில் கட்டியிருந்த கடிகாரத்தை நம்புவதானால், போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் கிள்ளான் ஆற்றின் மேல் ஓடியிருக்கிறேன். கரையோரமாக அல்ல, நட்ட நடுவில், தண்ணீர் மேலேயே. பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயிலைத் தாண்டியதும் ஆற்றில் இறங்கி, ஒரு 200 மீட்டர் போய், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் கரையேறி ஜாலான் துன் சம்பந்தனுக்குத் திரும்பியிருக்கிறேன். கைப்பேசியில் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்த என் மனைவி, "ஓடிட்டு வந்தீங்களா, நீந்திட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

அது இணையத்தில் 189 வெள்ளிக்கு வாங்கிய கடிகாரம். தொடுதிரை, இதயத் துடிப்பு, தூக்கம், காலடிக் கணக்கு என்று பெட்டியின் மேல் ஏகப்பட்ட படங்கள். ஆறு மாதம் அதை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தேன்.

நான் கிள்ளான்காரன். வேலை கே.எல். சென்ட்ரல் பக்கம். கம்யூட்டர் ரயிலில் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், நடுவில் நாற்காலியில் ஒன்பது மணி நேரம். என் தாத்தா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்று, நிரை நிரையாக நடந்து, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவர். ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் நடந்தார் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. அப்பா லாரி ஓட்டினார். நான் கணினி முன் உட்காருகிறேன். மூன்று தலைமுறையில் ஒரு குடும்பம் இப்படித்தான் உட்கார்ந்துபோனது. அப்பாவுக்குச் சர்க்கரை, பெரியப்பாவுக்குச் சர்க்கரையால் கால் விரல் போனது. எனக்கு 43 வயதில் அரசாங்கக் கிளினிக்கில் எடுத்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.0 என்று வந்தது. டாக்டர் அதைப் பேனாவால் வட்டமிட்டார். "இன்னும் கொஞ்சம் ஏறினா மாத்திரை" என்றார்.

இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் 31.4 விழுக்காடு. உங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் எதிர் வரிசையை ஒருமுறை பாருங்கள். மூன்றில் ஒருவர்.

ஓட்டத்துக்கென்றே செய்த நல்ல கடிகாரம் ஒன்று வாங்கலாம் என்றேன். விலையைக் கேட்டதும் மனைவி சொன்னாள்: "ஆயிரத்து ஐந்நூறு வெள்ளியா? ஓடுறது காலா, கையா?" கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஒரு மாதம் இரவல் வாங்கிக் கட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு என்னதான் தேவை என்று அவளுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் வாங்கலாம்.

இரவல் இரண்டு கிடைத்தன. அலுவலகத்தில் ஒரு தங்கை மாரத்தான் ஓடுபவள். அவளிடம் இரட்டை அலைவரிசைக் கடிகாரம் ஒன்று, விலை இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல். "அண்ணே, கீறல் விழாம திருப்பிக் கொடுங்க" என்று ஒரு வாரத்துக்குக் கொடுத்துவிட்டு, பிறகு கேட்கவே இல்லை. ஷா ஆலாமில் இருக்கும் அத்தை மகன் தன் பழைய பொத்தான் கடிகாரத்தையும், அதோடு நெஞ்சில் கட்டும் பட்டை ஒன்றையும் கொடுத்தான்.

முதல் சோதனைக்கு நான் தேர்ந்தெடுத்தது கடிகாரங்களுக்கு மிகவும் கடினமான இடம். கே.எல். சென்ட்ரலிலிருந்து எல்.ஆர்.டி.யில் ஐந்தாவது நிலையம் கே.எல்.சி.சி. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் காலடியில் இருக்கும் பூங்காவை வடிவமைத்தவர் பிரேசில் நாட்டின் ரொபெர்த்தோ புர்லே மார்க்ஸ். அங்கே மெத்தென்ற ரப்பர் தளம் போட்ட ஓட்டப் பாதை இருக்கிறது. ஒரு சுற்று 1.3 கிலோமீட்டர். தூரம் முன்கூட்டியே தெரியும் என்பதால் கடிகாரத்தைப் பிடித்துக் கேள்வி கேட்க இதைவிட நல்ல இடம் கிடையாது. இடது கையில் இரண்டு, வலது கையில் ஒன்று என்று கட்டிக்கொண்டு, பசார் மாலாமில் கடிகாரம் விற்பவரைப்போல் போய் நின்றேன். மணி காலை ஆறே முக்கால், இன்னும் இருட்டு. 1982-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. அதனால்தான் நம் ஊரில் ஏழு மணிக்கும் சூரியன் யோசித்துக்கொண்டே இருக்கிறது. ஓடுபவர்களுக்கு அது ஒரு சலுகை.

நான்கு சுற்று, 5.2 கிலோமீட்டர். மலிவுக் கடிகாரம் 5.9 என்றது. பழைய பொத்தான் கடிகாரம் 5.5. தங்கையின் கடிகாரம் 5.3. மலிவுக் கடிகாரத்தின் வரைபடத்தில் நான் இரண்டு முறை குளத்துக்குள்ளும் ஒரு முறை பேரங்காடிச் சுவருக்குள்ளும் போயிருந்தேன்.

ஏன் இப்படி? ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் நமக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை நம்மைப் பார்ப்பதில்லை. 'இப்போது மணி இத்தனை, நான் இங்கே இருக்கிறேன்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். அந்தச் சொல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் கொண்டு கடிகாரம் தூரத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு துணைக்கோள்களின் குரல் கேட்டால்தான் இடம் தெரியும். ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்து அதில் ஒரு பங்கு பிசகினால்கூட 30 சென்டிமீட்டர் தவறிவிடும். கோபுரத்தின் கண்ணாடியிலும் எஃகிலும் பட்டுத் திரும்பி வரும் அலை சுற்றுவழியில் வருகிறது. கடிகாரமோ அது நேராக வந்தது என்று நினைத்து நம்மைக் குளத்தில் தள்ளுகிறது. இரட்டை அலைவரிசைக் கடிகாரம் எல்1, எல்5 என்ற இரண்டு அலைகளைக் கேட்கிறது. பட்டுத் திரும்பி வரும் அலையை நேரலையிலிருந்து பிரித்தறிய இரண்டாவது அலை உதவுகிறது. கூடுதல் காசு அதற்குத்தான்.

இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தவறும். அதை நிறுத்திய பிறகுதான் ஓட்டக்காரரின் கைக்கு இது வந்தது. கார்மின் நிறுவனத்தின் முதல் ஃபோர்ரன்னர் 2003-இல் வெளியானது. இப்போது ஜி.பி.எஸ். தவிர ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாம் நம் தலைக்கு மேல் இருக்கின்றன. பெய்டோவுக்கும் ஜப்பானின் துணைக்கோள் அமைப்புக்கும் ஆசிய வானத்துக்கென்றே சில கோள்கள் உண்டு. ஆகவே, எண்ணிக்கையில் நமக்குக் குறையில்லை. ஆனால் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. பொழுது சாய்ந்த பிறகு மேல்வளிமண்டலம் கலங்குவதால், அதிலும் மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில், துணைக்கோள் அலைகள் தடுமாறக்கூடும். வேலை முடிந்து இரவில் ஓடுபவர்கள் கோணல்மாணலாகக் கோடு விழுந்தால் உடனே கடிகாரத்தைத் திட்ட வேண்டாம்.

கட்டடங்களுக்கு நடுவில் ஓடுபவர் திரையில் நொடிக்கு நொடி மாறும் வேகத்தைப் பார்க்கவே கூடாது என்று தங்கை சொல்லித் தந்தாள். நான் ஒரே சீராக ஓடும்போது அது கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் என்கும், அடுத்த நொடி ஒன்பது என்கும். ஒரு கிலோமீட்டருக்கான சராசரியைப் பார்த்தால் போதும். கிளம்புமுன் திறந்த வெளியில் ஒரு நிமிடம் நின்று, துணைக்கோள்களைப் பிடித்துவிட்டதாகக் கடிகாரம் சொன்ன பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். முதல் நாள் இரவே கைப்பேசியோடு ஒருமுறை இணைத்துவிட்டால், எந்தக் கோள் எங்கே இருக்கும் என்ற பட்டியல் கடிகாரத்துக்குள் இறங்கிவிடும். பிடிப்பது சீக்கிரம் நடக்கும். ஆறு மாதம் நான் வீட்டு வாசலில் கூரைக்குக் கீழே நின்றபடியே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். மலிவுக் கடிகாரத்தின் பாவத்தில் பாதி என்னுடையது.

பந்தயத்திலும் இதே சண்டைதான். கோலாலம்பூர் மாரத்தான் முடிந்ததும், "என் கடிகாரம் 42.8 காட்டுது, பாதை நீளம்" என்று இளைஞர்கள் குமுறுவார்கள். பந்தயப் பாதையை அளப்பது துணைக்கோள் இல்லை. முன்சக்கரத்தில் எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில், வளைவுகளில் ஓரத்தை ஒட்டி, ஆகக் குறுகிய வழியில் ஓட்டி அளக்கிறார்கள். குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடவே சேர்க்கிறார்கள். நாமோ தண்ணீர் மேசைக்கு ஒரு பக்கம், நண்பனுக்குக் கையாட்ட மறுபக்கம் என்று போகிறோம். கடிகாரம் அதையும் சேர்த்துத்தானே காட்டும்.

அடுத்த வாரம் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பினேன். எனக்குப் பிடித்த பாதை இது. விடியற்காலையில் ஜாலான் துன் சம்பந்தனில் பூக்கடைக்காரர்கள் மல்லிகைச் சரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருப்பார்கள். தலைக்கு மேல் மோனோரயில் தண்டவாளம். இருபுறமும் வண்ண வளைவுகள். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற இந்த வட்டாரம், 2010-இல் லிட்டில் இந்தியா ஆனபோது போட்டுக்கொண்ட நகைகள் அவை. கே.எல். சென்ட்ரலுக்குள் நுழைந்து, முசியம் நெகாரா நிலையத்துக்குப் போகும் நடைபாதை வழியாக வெளியே வந்தால், கொஞ்ச தூரத்தில் 1888-இல் தொடங்கிய பழைய லேக் கார்டன். இப்போது பெர்டானா தாவரவியல் பூங்கா என்று பெயர். உயரமான மரங்கள், ஈரமான நிழல், இறங்கி ஏறும் மேடுகள்.

அங்கே துகு நெகாரா பக்கமாக ஏறும் மேட்டில்தான் என் விஷயம் தலைகீழானது. மலிவுக் கடிகாரம் என் இதயத் துடிப்பு 128 என்றது. நெஞ்சுப் பட்டை 169 என்றது.

நின்றுவிட்டேன். கையை உதறினேன். கழுத்தில் விரலை வைத்து, பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினேன். பட்டை சொன்னதுதான் சரி.

மணிக்கட்டுக் கடிகாரம் பச்சை ஒளியைத் தோலுக்குள் பாய்ச்சி, இரத்தம் ஏறி இறங்குவதைத் திரும்பி வரும் ஒளியின் அளவைக் கொண்டு கணிக்கிறது. கை ஆடும், வியர்வை வழுக்கும், வார் தளரும். சில நேரம் காலடி எண்ணிக்கையையே இதயத் துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். நெஞ்சுப் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே நேராகக் கேட்கிறது. ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-லேயே கம்பியில்லாமல் இதைச் செய்து காட்டியது. நம்முடையது கறுத்த தோல், பச்சை ஒளி சரியாக வேலை செய்யுமா என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கருவிக்குக் கருவியும், உட்கார்ந்திருக்கிறோமா அசைகிறோமா என்பதும்தான் வேறுபாட்டை உண்டாக்கின. மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, ஆடாமல் கட்டினால் நிலைமை பெருமளவு சரியாகும். என் மலிவுக் கடிகாரம் எங்கே கட்டினாலும் அதே 128-தான்.

அப்படியானால் ஆறு மாதமாக நான் 'மெதுவாக' ஓடவே இல்லை. சர்க்கரைக்கு எல்லைக்கோட்டில் நிற்கும், அப்பாவுக்கு இதய நோய் இருந்த, 43 வயது மனிதன் வாரம் நான்கு நாள் பந்தயம் ஓடியிருக்கிறான். அதைச் சுகமான ஓட்டம் என்று ஒரு பொம்மை அவனுக்குச் சொல்லியிருக்கிறது. மேட்டின் மேலே ஒரு பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆற்றின் மேல் ஓடியது சிரிக்க வைத்தது. இது வைக்கவில்லை.

மறுநாள் அந்த வரைபடத்தை டாக்டரிடம் காட்டினேன். பாதைக் கோட்டை அவர் பார்க்கவே இல்லை. துடிப்புக் கோட்டை விரலால் நகர்த்திப் பார்த்துவிட்டு, முதலில் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். சுத்தமாக வந்தது. "ஓடும்போது முழு வாக்கியமா பேச முடியணும், அதுதான் அளவு" என்றார். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு வெறும் உத்தேசம்தான் என்றும், இரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது என்றும் சொன்னார்.

மூன்றாவது வாரம் என் சொந்த ஊர். நான் உண்மையில் வாரத்தில் நான்கு நாள் ஓடுவது கோபுரத்துக்குக் கீழே இல்லை, கிள்ளானில்தான். பிரிக்பீல்ட்ஸ் ஓரமாகப் போன அதே ஆறு, 120 கிலோமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய கடைசிப் பகுதிக்கு வரும்போது இங்கே அகன்று, கலங்கி, கடலை நினைத்துக்கொண்டு மெதுவாகப் போகிறது. அதைத் தாண்ட ஈரடுக்குப் பாலம் ஒன்று இருக்கிறது, ஜம்பத்தான் கோத்தா. மேல் அடுக்கு வாகனங்களுக்காகக் கட்டியது, கீழ் அடுக்கு நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும். கீழ் அடுக்கில் ஓடினால் தலைக்கு மேல் முழுக்கக் கூரை. மூன்று கடிகாரங்களும் அங்கே ஒன்றாகத் திணறின. இரண்டாயிரம் வெள்ளிக் கடிகாரமும் கோட்டைக் கோணலாகத்தான் போட்டது. கூரைக்கு முன் எந்த அலைவரிசையும் ஏழைதான்.

பாலத்தைத் தாண்டிய பிறகுதான் வேடிக்கை. ஜாலான் தெங்கு கிளானா, சுந்தரராஜப் பெருமாள் கோயில், பிறகு தாமான் ராக்யாட் என்று எட்டு கிலோமீட்டர் ஓடியதில், பழைய பொத்தான் கடிகாரத்துக்கும் விலையுயர்ந்த கடிகாரத்துக்கும் 60 மீட்டர்கூட வித்தியாசம் இல்லை. எங்கள் ஊர்க் கடைவீடுகள் இரண்டு மாடி, மூன்று மாடி. வானம் தாராளமாகத் திறந்து கிடக்கிறது. இரட்டை அலைவரிசைக்கு இங்கே வேலையே இல்லை.

தாமானில் தினமும் நடக்க வரும் ஒரு மாமா என் இரண்டு கைகளையும் பார்த்துச் சிரித்தார். "தம்பி, தொண்ணூத்தெட்டுல கே.எல். காமன்வெல்த் போட்டியில நம்ம கோவிந்தசாமி சரவணன் அம்பது கிலோமீட்டர் நடந்து தங்கம் வாங்கினாரே, அவர் கையில துணைக்கோளா இருந்துச்சு?" என்றார். இல்லைதான். மெக்சிகோ ஒலிம்பிக்கில் 1968-இல் 200 மீட்டரை 20.92 நொடியில் ஓடிய டாக்டர் ஜெகதீசனுக்கும் இல்லை. அந்தச் சாதனை நாட்டில் 49 ஆண்டு நின்றது. ஆனால் அவர்களுக்குப் பயிற்சியாளர் இருந்தார், அளந்த தடம் இருந்தது, பக்கத்தில் நிறுத்துகடிகாரத்தோடு ஒருவர் நின்றார். எனக்கு இருப்பது விடியற்காலை இருட்டும் தெருநாய்களும்தான். 'மெதுவா போ' என்று காதில் சொல்ல ஒருவர் வேண்டும். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "பொண்டாட்டி சொன்னா கேக்க மாட்டே, மெஷின் சொன்னா கேப்பே" என்று நடையைக் கட்டினார்.

அன்று இரவு மனைவியிடம் கணக்கு ஒப்பித்தேன். பொத்தான் வேண்டும், தொடுதிரை வேண்டாம். வியர்த்த விரலுக்கும் மழைக்கும் தொடுதிரை அடங்காது. வெயிலில் எண் தெரிய வேண்டும். 'ஐந்து நிமிடம் ஓடு, இரண்டு நிமிடம் நட, ஆறு தடவை' என்று முதல் நாளே பயிற்சியை உள்ளே போட்டு வைக்க முடிய வேண்டும். துடிப்பு வரம்பைத் தாண்டினால் மணிக்கட்டில் அதிர வேண்டும். நெஞ்சுப் பட்டை இணைய வேண்டும். வரைபடம், பாட்டு, இரட்டை அலைவரிசை எதுவும் வேண்டாம். கோபுரங்களுக்கு நடுவில் வேகப்பயிற்சி செய்யும் தங்கைக்கு அது தேவை, எனக்கு இல்லை. அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, "பட்டை எவ்வளவு?" என்று மட்டும் கேட்டாள்.

லோவ் யாட் பிளாசாவுக்குப் போனேன். ஒரே கடிகாரத்துக்கு இரண்டு விலை சொல்வார்கள். ஏ.பி. செட் என்றால் வேறு வழியில் இறக்கியது, விலை குறைவு, ஆனால் பழுதானால் விற்ற கடைக்காரர்தான் தெய்வம். மலேசிய செட் என்றால் உள்ளூர் முகவரின் உத்தரவாதம். உப்பு வியர்வையில் தினமும் ஊறப்போகும் பொருள் என்பதால் நான் இரண்டாவதையே எடுத்தேன். முந்தைய தலைமுறை மாடல், ஐந்து பொத்தான், ஒற்றை அலைவரிசை. நெஞ்சுப் பட்டையும் சேர்த்து 1,100 வெள்ளிக்குள் முடிந்தது.

முதல் இரண்டு வாரம் அவமானமாக இருந்தது. 140-ஐத் தாண்டினால் கை அதிரும், நடப்பேன், இறங்கினால் ஓடுவேன். தாமானில் தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு தாய் என்னைத் தாண்டிப் போனார். இப்போது அதே 140-இல் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் வேகமாகப் போகிறேன். அடுத்த இரத்தச் சோதனை ஜூன் மாதம்.

பழைய மலிவுக் கடிகாரத்தை மனைவி எடுத்துக்கொண்டாள். போன சனிக்கிழமை காலை நான் ஓடி முடித்து, தெங்கு கிளானாவில் கோப்பி ஓ கோசோங் குடித்துக்கொண்டிருந்தபோது அவளும் நடை முடித்து வந்து சேர்ந்தாள். அவளுடைய சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். பெருமாள் கோயிலிலிருந்து ஒழுங்காக வந்த கோடு, ஒரு பலகாரக் கடைக்குள் நுழைந்து, பன்னிரண்டு நிமிடம் அங்கேயே சுற்றிவிட்டு வெளியே வந்திருந்தது.

"இது என்ன?" என்றேன்.

"அந்தக் கடிகாரம்தான் எதையும் சரியா காட்டாதுன்னு நீங்களே சொன்னீங்களே" என்றாள்.